எட்டு வயது மகனின் துடியாட்டமும் மூளையின் இரசாயனமும்

வாசகர் கேள்வி:

இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 8 வயது. தரம் 3 இல் படிக்கிறான். குறைமாதத்தில், 1.9 கிலோ நிறையுடன் பிறந்தவன். வகுப்பில் ஓரிடத்தில் இருக்க மாட்டான். சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுவான். இந்தத் தவணையில் மட்டும் மூன்று தண்ணீர்ப் போத்தல்களைத் தொலைத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் இருந்து குழப்படி என்று அடிக்கடி அழைப்பு வருகிறது. என் கணவருக்குக் கோபம் வந்தால் பூவரசந் தடியை எடுத்துவிடுவார். அவரும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இருந்து சாப்பிடக்கூடப் பொறுமை இல்லாதவர், ஆனால் உழவு என்றால் இரவு பகல் பார்க்க மாட்டார். மாமி நாவூறு என்று சொல்லி நூல் கட்டினார். வல்லாரைச் சம்பலும் கொடுக்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா, இது மூளையில் ஏதோ இரசாயனம் குறைவதால் வரும் வருத்தம், குளிசை அனுப்பிவிடுகிறேன் என்கிறா. தொலைபேசியில் விளையாட்டு என்றால் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானே, அவனுக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இரத்தம் சோதித்தால் தெரியுமா? குளிசை கொடுத்தால் மந்தமாகிவிடுவானா, அதற்கு அடிமையாகிவிடுவானா? 2009 இல் எனக்கு 14 வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து முகாமுக்குப் போனவள் நான். அந்தப் பயம் என் வயிற்றினூடாக அவனுக்குப் போய்விட்டதோ என்று இரவில் யோசிக்கிறேன். அவனுடைய கணக்குக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

மனநல வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கொப்பிப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் பத்துக் கழித்தல் கணக்குகள் இருக்கின்றன. முதல் மூன்றும் சரி. மூன்றாவதில் பத்தினிடத்திலிருந்து கடன் வாங்கி, பிழையில்லாமல் கழித்திருக்கிறான். நான்காவதில் கடன் வாங்கியதை மறந்துவிட்டான். ஐந்தாவதில் குறியைப் பாராமல் கூட்டிவிட்டான். ஆறாவதில் மேலே உள்ள எண்ணை மட்டும் எழுதியிருக்கிறான். அதன் பக்கத்தில், ஓரக்கோட்டையும் தாண்டி, ஓர் உழவு இயந்திரம் நிற்கிறது. பின்சில்லின் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறான். கீழே சிவப்பு மையில் ‘கவனம்!’ என்று எழுதப்பட்டிருக்கிறது. கழித்தல் தெரியாத பிள்ளை அந்த மூன்றாவது கணக்கைச் செய்திருக்க முடியாது. தெரிந்ததைப் பத்தாவது கணக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதுதான் அவனால் ஆகவில்லை. மந்த புத்தி என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

நீங்கள் விவரித்திருப்பவை, அவதானக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாட்டின், அதாவது ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சொல்வதன், அறிகுறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆயினும் கடிதத்தைக் கொண்டு அந்தப் பெயரைப் பிள்ளைக்குச் சூட்ட எனக்கு உரிமை இல்லை. கவனச் சிதறலில் ஒன்பதும், துடிதுடிப்பிலும் பொறுமையின்மையிலும் ஒன்பதுமாக அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டில் ஒரு தொகுதியிலாவது ஆறு அறிகுறிகள், வயதுக்கு மீறிய அளவில், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பு என்றால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரில் ஒருத்தி, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும் பெண்பிள்ளையாக இருந்தால் அவளை ஒருவரும் எங்களிடம் அனுப்புவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலம் அந்த இடைவெளிக்குள் இரசாயனத் தூதை விடுகிறது, அடுத்த கலம் அதை ஏற்றுக்கொள்கிறது, மிஞ்சியதை விட்ட கலமே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. டோபமின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு தூதுகள் இந்தக் குறைபாட்டோடு முக்கியமாகத் தொடர்புடையவை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, ‘இப்போது இதைச் செய், அதைப் பிறகு பார்’ என்று எம்மை அடக்கி நடத்துவது. ஆழத்தில் உள்ள இன்னொரு பகுதி, வரப்போகும் பலனை மோப்பம் பிடித்து எம்மைச் செயலுக்குத் தள்ளுவது. இவ்விரண்டுக்கும் இடையிலான பேச்சு அந்தத் தூதுகளின் வழியாகவே பெருமளவு நடக்கிறது.

ஆனால் ‘குறைவு’ என்ற சொல் உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். டோபமினைச் சுரக்கும் கலங்கள் அழிந்து அது உண்மையாகவே வற்றிப்போவது பார்க்கின்சன் நோயில். கை நடுங்கி, நடை தளர்ந்து வரும் முதியவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்கள் மகனுக்கு நடப்பது அதுவன்று. இரணைமடுவில் தண்ணீர் இல்லாத ஆண்டை நீங்கள் அறிவீர்கள். குளம் நிறைந்திருக்கும்போதே, துருசு திறக்கும் நேரமும் அளவும் பிழைத்து, வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போன ஆண்டையும் அறிவீர்கள். இந்தப் பிள்ளைகளின் நிலை இரண்டாவதோடு ஒத்தது. தூது இருக்கிறது, வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில், வேண்டிய அளவில் அது நிற்பதுதான் ஒழுங்காக இல்லை. மூளை ஒரு குளமும் ஒரு வாய்க்காலுமாக அமைந்ததல்ல என்பதால் இந்த உவமையை இதற்கு மேல் நீட்ட மாட்டேன். இரத்தச் சோதனை பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு. இரத்தத்தில் உள்ள டோபமின் மூளைக்குள் புகுவதில்லை. மூளையில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை இரத்தம் காட்டுவதும் இல்லை. இந்தக் குறைபாட்டை உறுதிப்படுத்தும் இரத்தச் சோதனையோ ஸ்கானோ இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வளர்ச்சியின் வேகமும் இதில் சேர்கிறது. அமெரிக்காவில் இக்குறைபாடு உள்ள 223 பிள்ளைகளின் மூளையையும் இல்லாத 223 பிள்ளைகளின் மூளையையும் ஒப்பிட்டு 2007 இல் வெளியான ஆய்வில், மூளை மேற்பட்டையின் பாதிப் பகுதிகள் தம் உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளில் ஏழரையாகவும் இவர்களில் பத்தரையாகவும் இருந்தது. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், வருவது பிந்தி வருகிறது. பின்தங்கல் அதிகமாக இருந்தது நெற்றிப் பக்கத்தில். ஆகவே 8 வயதுப் பிள்ளையிடம், தன்னை அடக்கிக்கொள்ளும் விடயத்தில் மட்டும், அவனைவிடச் சிறிய பிள்ளையிடம் எதிர்பார்ப்பதையே எதிர்பார்ப்பது நியாயம்.

இனித் தொலைபேசி விளையாட்டு. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. பெரும்பாலும் ‘நடிக்கிறான்’ என்ற ஐயத்தோடுதான் கேட்பார்கள். டோபமின் முக்கியமாகச் சுரப்பது பலன் வரப்போகிறது என்று மூளை உணரும் தருணத்தில். விளையாட்டில் சில விநாடிகளுக்கு ஒரு தடவை ஒரு சத்தம், ஒரு நாணயம், ஒரு புதுக் கட்டம் வருகிறது. துருசை மூட அது விடுவதில்லை. கழித்தல் கணக்கின் பலனோ நாளை ஆசிரியை போடும் ஒரு சரியில், தவணை முடிவில் வரும் புள்ளியில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கோ தூரத்தில் இருக்கிறது. மூன்றரை மாத நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருக்க எல்லா மூளைக்கும் பழக வேண்டியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் மூளைக்கு அந்தக் காத்திருப்பு பல மடங்கு கடினம். தூரத்துப் பெரிய பலனைவிடக் கிட்டத்துச் சிறிய பலனை அவர்கள் தேர்ந்தெடுப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம். ஆகவே கவனமே இல்லாத பிள்ளை என்று அவனைச் சொல்வது பொருந்தாது. கவனத்தைத் தன் விருப்பப்படி திருப்பி ஓரிடத்தில் கட்டிவைக்கும் பலம் அவனுக்கு இன்னும் போதவில்லை.

இதை விளங்கிக்கொண்டால், பூவரசந் தடி ஏன் பயன்படவில்லை என்பதும் விளங்கும். நெற்றிப் பக்க மூளைக்கு டோபமினும் நோர்அட்ரினலினும் நடுத்தர அளவில் வேண்டும். குறைந்தாலும் அது தளரும், அளவு மீறினாலும் தளரும். பயத்தில் அவை மிகையாகச் சுரந்து, யோசிக்கும் பகுதியின் பிடி விட்டுப்போகிறது. ஓடு, ஒளி, எதிர்த்து நில் என்ற பழைய பகுதிகள் ஆட்சிக்கு வருகின்றன. அடித்துக்கொண்டே ‘யோசித்துச் சொல்’ என்று கேட்கும் அந்த நிமிடத்தில், யோசிப்பதற்கு அவனுக்கு உள்ள கொஞ்ச வலுவையும் நாங்களே பறித்துவிடுகிறோம். அடுத்த நாள் அதே பிழையை அவன் செய்வது பிடிவாதத்தால் என்று நினைத்து அடி கூடுகிறது. இந்தச் சுற்றில் அகப்பட்டு, பத்து வயதிலேயே ‘நான் கூடாத பிள்ளை’ என்று தன்னைப் பற்றிச் சொல்லும் சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணத்தைக் கழற்றி எடுப்பது குறைபாட்டுக்கு வைத்தியம் செய்வதைவிடக் கடினம். தயவுசெய்து தடியை இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் இரவு யோசனைக்கு வருகிறேன். இக்குறைபாடு பெரும்பாலும் பரம்பரையோடு வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பிள்ளைகளிடையே காணும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை பரம்பரையால் விளக்கப்படுவதாகக் காட்டுகின்றன. ஒரு தனிப் பரம்பரை அலகைக் குற்றவாளியாகக் காட்டவும் முடியாது. இக்குறைபாடு உள்ள 20,000 க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வு, பரம்பரை அலகுத் தொகுதியில் இதோடு தொடர்புடைய 12 இடங்களையும், 2023 இல் வந்த இன்னும் பெரிய ஆய்வு 27 இடங்களையும் கண்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. குறைமாதப் பிறப்பும் குறைந்த நிறையும் வாய்ப்பை ஓரளவு கூட்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் நீங்கள் கருவுறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு பட்ட பயம் வயிற்றினூடாகப் பிள்ளையில் இந்தக் குறைபாடாக இறங்கியது என்று மருத்துவம் நிறுவவில்லை. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. வன்னியில் வேலை செய்யும் எவரும் கேட்டே ஆக வேண்டிய வேறொரு கேள்வி உண்டு: பிள்ளை தானே பயங்கரமான எதையாவது கண்டானா, வீட்டில் சண்டையோ குடியோ இருக்கிறதா? பயத்தில் வளரும் பிள்ளையும் திடுக்கிடும், ஓரிடத்தில் இராது, பாடத்தில் மனம் வைக்காது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வைத்தியம் வேறு. நேரில் வரும்போது இதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் இரவில் நித்திரை வருகிறதா, அந்த நாட்கள் கனவில் வருகின்றனவா என்பதையும் சொல்லுங்கள். அதற்கும் அதே கிளினிக்கில் உதவி உண்டு. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிளினிக்குக்கு வருமுன் சில விடயங்கள் பார்க்கப்பட வேண்டும். கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும் அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையும் கவனமில்லாதவர்கள் போலவே இருப்பார்கள். இரவில் குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று பாருங்கள். நித்திரை கெட்ட பிள்ளை பெரியவர்களைப் போல் சோர்ந்து விழாது, மேலும் துள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் கேட்காமல், பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடர்ந்தால், அது ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். இரும்புச் சத்தைச் சோதிக்க இரத்தம் எடுப்பது பயன் தரும். உடலில் டோபமின் உருவாகும் வழியின் ஒரு படிக்கு இரும்பு தேவை, இரத்தச் சோகை உள்ள பிள்ளைக்குக் கவனம் குறைவது இயல்பு. மாமியின் வல்லாரைச் சம்பல் நல்ல உணவு, கொடுக்கட்டும். முருங்கை இலையும் நெத்தலியும் சேரட்டும். இவை உணவு என்ற அளவில் நல்லவை, குறைபாட்டுக்கு மருந்தாகா. நூலும் இருக்கட்டும், அது ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. சீனியை நிறுத்தினால் துடியாட்டம் அடங்கும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் தாங்கவில்லை, பல்லுக்காகக் குறையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் ஒரே எண்ணத்தில் இருந்து பிறக்கிறது: தூரத்தில் உள்ள பலனைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் புளியங்கொட்டைகளைச் சேர்க்கும் முறையை நான் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுப்பதுண்டு. பத்துக் கணக்கையும் ஒரே தடவையில் காட்டாமல், ஒரு தாளால் மற்றவற்றை மூடி, மூன்றை மட்டும் காட்டுங்கள். மூன்று முடிந்தவுடன், அந்த நிமிடமே, அவன் கையால் ஒரு கொட்டையைப் போத்தலில் போடச் சொல்லி, எதற்காக என்று வாயாலும் சொல்லுங்கள்: ‘குறியைப் பார்த்துச் செய்தாய், அதற்கு.’ பிறகு கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வரட்டும். அசைவது இந்தப் பிள்ளைகளுக்குத் தண்டனைக்குரிய குற்றமில்லை, அடுத்த மூன்று கணக்குக்கு மூளையைத் தயார்ப்படுத்தும் வழி. இத்தனை கொட்டை சேர்ந்தால் மாலையில் அப்பாவோடு உழவு இயந்திரத்தில் ஒரு சுற்று என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பின்சில்லை அப்படி வரைந்தவனுக்கு அதைவிடப் பெரிய பரிசு இராது. போத்தலில் விழுந்த கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்கக் கூடாது. உழைத்துப் பெற்றது பறிபோகும் என்று கண்டால் அவன் உழைப்பை விட்டுவிடுவான். அடுக்களையில் நின்று மூன்று வேலைகளை ஒன்றாகச் சொல்லாமல், கிட்டப் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். தொலைபேசியைப் படிப்புக்கு முன்பு கொடுக்க வேண்டாம். விநாடிக்கொரு பலன் கண்ட மூளைக்கு அதன் பின் கொப்பி ருசிக்காது.

வகுப்பாசிரியையிடம் நீங்களே போய், மரியாதையாகக் கேளுங்கள்: முன்வரிசையில், கதவுக்கும் யன்னலுக்கும் தூரமாக இருத்த முடியுமா, கொப்பிகளைச் சேர்ப்பது, கரும்பலகை துடைப்பது போன்ற எழுந்து செய்யும் வேலைகளை அவனுக்குக் கொடுக்க முடியுமா, தண்டனையாக இடைவேளையை மறிக்காமல் விட முடியுமா. அவன் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று அவர் ஒரு பக்கம் எழுதித் தந்தால் அது எங்களுக்கு எந்த ஸ்கானையும்விடப் பெறுமதியானது.

குளிசை. பார்சலில் வரும் குளிசையை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். இவை கட்டுப்பாட்டின் கீழ் வழங்கப்படும் மருந்துகள். ஒரு பிள்ளையின் அளவு மற்றப் பிள்ளைக்குப் பொருந்தாது, சிறிய அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். அதிகம் பயன்படுவது மெதில்பெனிடேற்; 1944 இல் சுவிற்சர்லாந்தில் முதலில் உருவாக்கப்பட்ட மருந்து, ஆகவே புதிய பரிசோதனை என்று பயப்பட வேண்டியதில்லை. விட்ட கலம் தூதைத் திரும்ப உறிஞ்சும் வழியை அது ஓரளவு மறிக்கிறது. டோபமினும் நோர்அட்ரினலினும் இடைவெளியில் இன்னும் சற்று நேரம் நிற்கின்றன. தூண்டும் மருந்து துடிக்கும் பிள்ளையை அமைதிப்படுத்துவது முரணாகத் தோன்றும். அது தூண்டுவது, அடக்கி நடத்தும் பகுதியை. சாதாரணக் குளிசையின் வேலை நான்கு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் தொடர்ந்து 1999 இல் வெளியான பெரிய ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட முக்கிய அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்து போதுமாயிற்று. பின்னர் அதே பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தபோது தொகுதிகளுக்கிடையிலான அந்த வேறுபாடு மறைந்துபோனதையும் நான் மறைக்கக் கூடாது. அதனால்தான் குளிசையோடு வைத்தியம் முடிந்தது என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை.

பசி குறையும், நித்திரை பிந்தலாம், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது கூடலாம். காலைச் சாப்பாட்டைக் குளிசைக்கு முன்பே கொடுத்து, மாலையில் பசி வரும்போது வயிறாரக் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். உயரமும் நிறையும் தவறாமல் அளக்கப்பட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளை பொம்மைபோல் மந்தமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்றே பொருள், உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வைத்தியர் சொன்ன அளவில் வாயால் எடுக்கும் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. மருந்து எடுத்த பிள்ளைகள் பின்னாளில் போதைக்குப் போவது கூடியதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. அவனுக்கு ஒத்துவராவிட்டால் அற்றோமொக்சற்றின் போன்ற வேறு வகையும் உண்டு. முதலில் மருந்தா, பயிற்சி மட்டுமா என்பதை அவனைப் பார்த்த பிறகுதான் தீர்மானிக்கலாம்.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தை நல அல்லது மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். கட்டணம் இல்லை. பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகம், ஆசிரியை எழுதித் தரும் பக்கம், அந்தக் கணக்குக் கொப்பி ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள், உழவு இல்லாத ஒரு நாளாகப் பார்த்து. அவரைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட கதையை, அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் தான் வாங்கிய அடியின் கதையை, அவர் வாயாலேயே கேட்க விரும்புகிறேன். முடிந்தால் மகனும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.